ஸ்டிக்கரில் 36, உள்ளே 34: மூன்று மாதச் சம்பளம் போன கதை

சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் நானும் "சரி, விடு" என்று விட்டுவிடுவேன். எனக்கு விற்றவர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

பழைய மவுண்டன் பைக்குகளைத் "நாங்களே பரிசோதித்து" விற்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு ஆன்லைன் தளத்தில் என் மூன்று மாதச் சம்பளம் போய்விட்டது. பெயரைப் போடவில்லை. போட்டால் பதிவைத் தூக்கவைத்துவிடுவார்கள், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் வீடியோ காலில் பைக்கைக் காட்டி, டிக் போட்ட சான்றிதழ் ஒன்றைக் கொடுத்து, பெட்டியில் போட்டு அனுப்பும் கடை எதுவாக இருந்தாலும் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பழைய ஃபுல் சஸ்பென்ஷன் பைக் (முன்னும் பின்னும் அதிர்வு தாங்கும் பைக்) வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் நான் எதை வாங்கப் போனேன் என்று சொன்னால்தான் எங்கே கத்தி வைத்தார்கள் என்பது புரியும்.

ஒரே கம்பெனி, ஒரே ஃபிரேமை வைத்து இரண்டு பைக் விற்கிறது. ஒன்றில் பின்னால் 135 மி.மீ. டிராவல் (மேடுபள்ளத்தில் சக்கரம் அமுங்கும் தூரம்), முன்னால் 140. இன்னொன்றில் பின்னால் 150, முன்னால் 160. இரண்டுக்கும் 29 இஞ்ச் சக்கரம். முன் முக்கோணம் ஒன்றே. வித்தியாசம் மூன்று இடத்தில்தான்: பின்பக்க அதிர்வைத் தாங்கும் ஷாக்கைப் பிடித்திருக்கும் லிங்க் என்ற இணைப்புத் துண்டு, ஷாக்கின் ஸ்ட்ரோக் (அது அமுங்கும் தூரம்), முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க். பக்கவாட்டில் எடுத்த போட்டோவில் இரண்டையும் அருகருகே வைத்தால், வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்களே தடுமாறுவார்கள். இப்படி ஒரே ஃபிரேமில் இரண்டு பைக் விடுவது இப்போது பல கம்பெனிகளின் வழக்கம். அதில் தப்பு இல்லை. செலவு குறையும்.

"15, 20 மி.மீ.தானே, என்ன பெரிய வித்தியாசம்?" என்று கேட்பவர்கள் உண்டு. வெறும் எண்ணைப் பார்த்தால் நியாயமான கேள்விதான். ஆனால் டிராவல் தனியாக வருவதில்லை. சின்ன பைக்கில் 34 மி.மீ. குழாய் உள்ள ஃபோர்க், மெல்லிய டயர், 180 பிரேக் டிஸ்க். பெரியதில் 36 மி.மீ. குழாய், தடித்த டயர், 200 டிஸ்க். ஃபோர்க் 20 மி.மீ. நீண்டால் ஹெட் ஆங்கிள், அதாவது ஃபோர்க் நிற்கும் கோணம், ஏறக்குறைய 1 டிகிரி சாயும். செங்குத்தான இறக்கத்தில் முன் சக்கரம் உங்களுக்கு முன்னால் கொஞ்சம் தள்ளி நிற்கும். அந்தக் கொஞ்சத்தில்தான் தலைக்குப்புற விழுவதும் விழாமல் தப்பிப்பதும் இருக்கிறது. மேடும் பள்ளமுமாக, மிதித்துக்கொண்டே போகும் டிரெயிலுக்குச் சின்னதுதான் சுகம். அங்கே பெரியதை எடுத்துப் போனால் சோம்பேறியாக நகரும். பாறையும் வேரும் படிப்படியான சரிவும் என்றால் கதை தலைகீழ்.

என்னிடம் ஏற்கெனவே 120 மி.மீ. பைக் ஒன்று இருக்கிறது. மிதிக்கிற டிரெயிலுக்கு அது தாராளம். பாறைச் சரிவுக்கு மட்டும்தான் இன்னொன்று தேவைப்பட்டது. அதனால் 150/160 தவிர வேறு எதையும் நான் தேடவே இல்லை. இதை அவர்களிடம் எழுத்தில் சொல்லியிருக்கிறேன். சாட் இன்னும் இருக்கிறது.

இப்போது எனக்கு இதை விற்ற அந்த ஆள். நல்ல பேச்சு. என் எடை என்ன, டிரெயில் எப்படி, ஏறுவதும் மிதித்துத்தானா இல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவீர்களா என்றெல்லாம் கேட்டார். விஷயம் தெரிந்தவர் கேட்கிற கேள்விகள். நான் அவர்களிடமே இருந்த ஒரு 170 மி.மீ. என்டுரோ பைக்கை (கடுமையான இறக்கங்களுக்கானது) பற்றியும் விசாரித்தேன். விலை கூட. அதற்கு அவர் சொன்னது:

"அது உங்களுக்கு வேண்டாம் ப்ரோ. ஏறும்போது உயிர் போயிடும். உங்க டிரெயிலுக்கு இந்த 150 கரெக்டா இருக்கும், காசும் மிச்சம்."

அங்கேதான் நான் நம்பினேன். விலை கூடின சாமானை வேண்டாம் என்று ஒரு வியாபாரி சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

வீடியோ காலில் அவர் காட்டியதெல்லாம் உண்மையான சோதனைகள். சீட்டைப் பிடித்து மெதுவாகத் தூக்கி, பின் முக்கோணத்தில் "டக்" சத்தம் வருகிறதா என்று காட்டினார், வரவில்லை. பின் முக்கோணம் அசையும் மூட்டுகளில் இருக்கும் பிவட் பேரிங் தேய்ந்திருந்தால் அங்கேதான் ஆடும். ஃபோர்க் குழாயின் மேல் நகத்தை ஓட்டினார். கீறல் இருந்தால் நகம் தட்டும். வெல்டிங் ஓரங்களில் டார்ச் அடித்தார். பைக்கைத் தலைகீழாகத் திருப்பி, பெடல் அச்சுக்கு அடியில் இருக்கும் சீரியல் நம்பரைக் காட்டி, "நோட் பண்ணிக்கோங்க ப்ரோ, திருட்டு வண்டி இல்லைன்னு நீங்களே செக் பண்ணலாம்" என்றார். எல்லாம் செய்தார். ஃபோர்க்கின் பின்பக்கத்தையும் ஷாக்கின் அடிப்பக்கத்தையும் மட்டும் கேமரா ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. சான்றிதழில் "ஃபோர்க்: 36, 160 மி.மீ. – சரிபார்க்கப்பட்டது" என்று டிக்.

மூன்று மாதச் சம்பளம். ஒரே தவணையில் அனுப்பினேன்.

பெட்டி வந்தது, பளபளவென்று இருந்தது, மாட்டினேன். என் எடைக்கு ஏற்ப முன்னால் 20 சதவீதம், பின்னால் 30 சதவீதம் சேக் (ஏறி உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் அமுங்கும் அளவு) வைத்தேன். பாறைச் சரிவில் இறக்கினால், முன்பக்கம் அப்படியே முங்குகிறது. பின்னால் ஒவ்வொரு கல்லுக்கும் "டங்" என்று அடியில் இடிக்கிறது. ஃபோர்க்கிலும் ஷாக்கிலும் காற்றைக் கூட்டினேன். சின்னக் கல்லெல்லாம் கையில் குத்த ஆரம்பித்ததே தவிர, பெரிய கல்லில் இடிப்பது நிற்கவில்லை. இறங்கும்போது என் பழைய 120-இல் இருப்பதுபோலவே உடம்பு முன்னால் தொங்கியது. சந்தேகம் அப்போதுதான் வந்தது.

வீட்டுக்கு வந்து ஃபோர்க்கில் இருந்த காற்றை முழுக்க விட்டுவிட்டு அடிவரை அமுக்கினேன். குழாயில் இருக்கும் ரப்பர் ஓ-ரிங் எவ்வளவு தூரம் நகர்கிறதோ அவ்வளவுதான் டிராவல். ஸ்கேலை வைத்தேன். 140. தப்பாக அளந்திருப்பேன் என்று திரும்ப வைத்தேன். 140தான். அப்புறம் வெர்னியர் எடுத்துக் குழாயின் விட்டத்தைப் பிடித்தேன். 34. ஃபோர்க்கின் காலின் மேல் கொழுத்த எழுத்தில் 36 என்று ஸ்டிக்கர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதன் ஓரத்தை நகத்தால் கிளப்பினேன். சுலபமாக வந்தது, புது ஸ்டிக்கர். அடியில் பழைய பசையின் தடம். அதில் 4-இன் கூரான மூலை இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

2 மி.மீ. வித்தியாசம் வீடியோவில் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அதை நம்பித்தான் இந்த வேலை செய்திருக்கிறார்கள்.

ஷாக்கைக் கழற்றினேன். அதன் உடம்பிலேயே அச்சாகியிருக்கிறது: 210 x 50. பெரிய பைக்கில் இருக்க வேண்டியது 210 x 55. மொத்த நீளம் ஒன்றே, ஸ்ட்ரோக் 5 மி.மீ. குறைவு. லிங்க் அந்த 5 மி.மீட்டரை இரண்டரை மடங்குக்கு மேல் பெருக்குகிறது, அதனால்தான் சக்கரத்தில் 135-க்கும் 150-க்கும் உள்ள இடைவெளி. சந்தேகமே மிஞ்சக்கூடாது என்று அவர் பெருமையாகக் காட்டிய அதே சீரியல் நம்பரை ஃபிரேம் தயாரித்த கம்பெனிக்கு அனுப்பினேன். பதில் வந்தது: அது 135 மி.மீ. பைக்காகத்தான் ஃபேக்டரியிலிருந்து போயிருக்கிறது.

ஆக, நான் வேண்டாம் என்று ஒதுக்கிய பைக்கை, நான் கேட்ட பைக்கின் விலைக்கு, ஸ்டிக்கர் ஒட்டி விற்றிருக்கிறார்கள். என் கொட்டகையில் இப்போது ஒரே வேலைக்கு இரண்டு பைக் நிற்கிறது.

அப்புறம் தொடங்கியது பாருங்கள், அலைக்கழிப்பு.

முதல் பதில்: "காத்து கம்மியா இருக்கும் சார், செக் பண்ணுங்க." வெர்னியர் படம் அனுப்பினேன். "ஸ்கேல் வச்சு அளந்தா கொஞ்சம் முன்னப்பின்ன வரும் சார்." வெர்னியரைப் பார்த்து ஸ்கேல் என்கிறார். அடுத்து வேறொருவர்: உங்கள் புகார் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது. உரிய பிரிவு எது என்று கேட்டால் அதே வாக்கியம் மறுபடியும். வீடியோ காலில் பேசிய ஆளின் நம்பர் அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்கமாட்டார். ஒரு தடவை வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டேன், எடுத்தார். குரலைக் கேட்டதும், "சார், நான் சேல்ஸ் மட்டும்தான். டெலிவரிக்கு அப்புறம் எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை" என்று வைத்துவிட்டார்.

பிறகு மெக்கானிக் எழுதிய கடிதம் வேண்டும் என்றார்கள். வாங்கி அனுப்பினேன். கடிதம் போன பிறகுதான் அந்த முத்தான மெயில் வந்தது: டெலிவரிக்குப் பிறகு பாகங்கள் மாற்றப்பட்டிருக்க வாய்ப்புண்டு என்பதால் புகாரை ஏற்க இயலாது. அதாவது நான் நல்ல 36 ஃபோர்க்கைக் கழற்றி ஒளித்துவைத்துவிட்டு, 34-ஐத் தேடிப்பிடித்து மாட்டி, அதன்மேல் ஸ்டிக்கரும் ஒட்டி, இவர்களிடம் நியாயம் கேட்கிறேனாம். ஃபிரேம் சீரியல் நம்பரே 135 என்கிறதே, ஃபிரேமையும் நான்தான் மாற்றினேனா என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. அடுத்த முறை வாங்கும்போது பயன்படுத்த ஒரு தள்ளுபடிக் கூப்பன் வந்தது. மூன்று மாதச் சம்பளத்தை விழுங்கிவிட்டு, அடுத்த முறையாம்!

"ஃபோர்க்கையும் ஷாக்கையும் மாற்றிக்கொள்ளேன்" என்று ஒரு நண்பர் சொன்னார். நல்ல மனசுதான், ஆனால் கணக்கு உதைக்கிறது. 36 ஃபோர்க், 55 ஸ்ட்ரோக் ஷாக், அதற்கான லிங்க் மூன்றும் வேண்டும். லிங்கை மாற்றாமல் நீண்ட ஸ்ட்ரோக் ஷாக்கை மட்டும் போட்டால், முழுக்க அமுங்கும்போது பின் டயர் சீட் குழாயில் போய் உரசலாம். ஃபோர்க்கை மட்டும் நீட்டினால் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் ஹெட் டியூபுக்கு வரும் நெம்பு கூடும், பெடல் அச்சு உயரும், சீட் பின்னால் சாய்ந்து ஏறும்போது முன் சக்கரம் அலையும். இந்தச் செலவுக்கு நேர்மையாக இன்னொரு பழைய பைக்கே வாங்கிவிடலாம். வாரண்டியா? பெரும்பாலான கம்பெனிகளில் முழு வாரண்டி முதல் உரிமையாளருக்கு மட்டும்தான். நான் இரண்டாவதோ மூன்றாவதோ, யார் கண்டது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன். எழுத எழுத ரத்தம் கொதிப்பதுதான் மிச்சம். முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

ஃபோர்க்கின் பெயரை ஸ்டிக்கரில் படிக்காதீர்கள். ஃபாக்ஸ் கம்பெனி ஃபோர்க்குகளில் 4 எழுத்துக் குறியீடு ஒன்று ஃபோர்க்கின் கீழ்க்காலில் இருக்கும். ஃபாக்ஸ் தளத்தில் போட்டால் எந்த மாடல், எத்தனை மி.மீ. என்று வந்துவிடும். ராக்‌ஷாக்ஸ் கம்பெனியுடையது என்றால் ஃபோர்க்கின் சீரியல் நம்பரை வைத்து அதேபோல் பார்க்கலாம். பணம் கட்டுவதற்கு முன்பே அந்தக் குறியீட்டின் படத்தைக் கேளுங்கள். ஷாக்கில் அச்சாகியிருக்கும் அளவின் படமும் வேண்டும். தர மறுத்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

ஃபிரேமின் சீரியல் நம்பரைத் திருட்டு வண்டியா என்று பார்க்க மட்டும் பயன்படுத்தாதீர்கள், எந்த மாடல் என்று கம்பெனியிடமே கேளுங்கள்.

பெட்டியைப் பிரிக்கும்போதே நிறுத்தாமல் வீடியோ எடுங்கள், ஃபோர்க்கும் ஷாக்கும் தெரியும்படி. விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். என் பைக்கின் பக்கத்தை நான் புகார் கொடுத்த அன்றே தூக்கிவிட்டார்கள். சாட்டும் சான்றிதழும் கையில் இருப்பதால்தான் வங்கியில் பணத்தைத் திரும்பக் கேட்டு மனு போட முடிந்தது. மூன்று மாதச் சம்பளமும் வருமா, பாதியாவது வருமா, வங்கியில் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

இன்று காலை அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். அதே மாடல், வேறு நிறம், "150/160, பரிசோதித்தது" என்று புதிதாக ஒன்று ஏறியிருக்கிறது. மொத்தப் படங்களும் வலப்பக்கத்திலிருந்து எடுத்தவை, ஃபோர்க்கின் பின்பக்கம் ஒன்றில்கூட இல்லை. அதைக் கூடையில் போட்டிருப்பவர் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து குறியீட்டுப் படத்தைக் கேட்டுவிட்டுப் பணம் அனுப்புங்கள்.