ஷோவில் "ஒரிஜினல் ரெசின்" என்று தலையில் கட்டுகிறார்கள், கவனம்

மினியேச்சர் வார்கேமிங் (குட்டிப் படைவீரர் உருவங்களை மேசையில் நிறுத்தி ஆடும் போர் விளையாட்டு) ஷோக்களில் ரெசின் (திரவமாக ஊற்றினால் இறுகும் பிளாஸ்டிக்) உருவங்கள் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். உற்பத்தி நின்றுபோன 28 மி.மீ. குதிரைப்படை செட் ஒன்றை, "பழைய ஸ்டாக், ஒரிஜினல்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி என்னிடம் விற்றார்கள். அது ரீகாஸ்ட். யாரோ ஒரிஜினலை வைத்து சிலிக்கோன் அச்செடுத்து, அதில் மலிவு ரெசினை ஊற்றி எடுத்த நகல். விலை மட்டும் ஒரிஜினல் விலை, அதுவும் அரிய பொருள் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே.

ஸ்டாலில் நின்றுகொண்டு கண்டுபிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஹால் வெளிச்சம் மங்கல், பின்னால் கூட்டம் நெருக்குகிறது, பையின் வாயில் ஸ்டேப்ளர் பின். பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "பிரிச்சா பார்ட்ஸ் தொலைஞ்சிடும் சார், கலெக்டர் வேல்யூவும் போயிடும்" என்றார். மேசையில் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நிறுத்தியிருந்த மாதிரி நிஜமாகவே ஒரிஜினல்தான். பைக்குள் இருந்தது வேறு.

பிரித்துப் பார்த்தால் கடிவாளமும் சேணமும் தேய்ந்த சோப்பு மாதிரி மழுங்கிக் கிடக்கின்றன. சங்கிலிக் கவசத்தில் வளையங்களே தெரியவில்லை. வேல் முனை, விரல் நுனி எல்லாம் காற்றுக்குமிழி ஓட்டை. ஒரு வீரனுக்கு மூக்கே இல்லை. அதே வரிசையின் ஒரிஜினல் ஒன்று என்னிடம் ஏற்கெனவே இருந்தது. பக்கத்தில் நிறுத்தினேன், நகல் கண்ணுக்குத் தெரிகிற அளவு குட்டை. ரெசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். அப்படிச் சுருங்கிய உருவத்தையே மறுபடி அச்செடுத்து வார்த்தால் இன்னும் சுருங்கும். இதற்கு எந்த விற்பனையாளரும் சாக்குச் சொல்ல முடியாது. வேல் வளைந்திருந்ததை மட்டும் நான் குறையாகச் சேர்க்கவில்லை; நல்ல ரெசினும் வளையும், சுடுதண்ணீரில் முக்கி நிமிர்த்திக்கொள்ளலாம்.

அச்சிலிருந்து கழற்ற வசதியாகத் தடவும் பொருள் மேலே ஒட்டியிருக்குமே என்று சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவினேன். பிசுபிசுப்பு போகவேயில்லை. ரெசினின் இரண்டு பாகங்களைச் சரியான அளவில் கலக்காவிட்டால் இப்படி இறுகாமல் நிற்கும். மேலே அடித்த பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) நகம் பட்டாலே உரிந்து வருகிறது. இந்த மாதிரிச் சரக்கை அரம் போட்டுச் சரிசெய்ய நினைப்பவர்கள் மாஸ்க் போட்டுக்கொண்டு, தண்ணீரில் நனைத்து ராவுங்கள். எந்த ரெசின் தூளும் மூச்சுக்குள் போகக் கூடாது.

அதே ஸ்டாலில் எடுத்த "கோலின்ஸ்கி" பிரஷ்ஷும் (சைபீரிய வீசல் என்ற விலங்கின் வால் முடியில் செய்யும், விலை கூடிய பிரஷ்) டூப்ளிகேட். உதிர்ந்த ஒரு முடியை நெருப்பில் காட்டினேன். நிஜ முடியென்றால் பொசுங்கி, தலைமுடி கருகும் நாற்றம் வரும். இது உருகி உருண்டையானது. சிந்தெடிக் பிரஷ் கெட்டதில்லை, டிரைபிரஷ் (பெயிண்டைத் துடைத்த பிரஷ்ஷால் மேடுகளில் மட்டும் லேசாகத் தேய்ப்பது) செய்ய நானே அதைத்தான் எடுப்பேன். ஆனால் கோலின்ஸ்கி விலை கொடுத்து ஏன் வாங்க வேண்டும்?

மறுநாள் ஷோ முடிவதற்குள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். "இது எங்க பையே இல்லை" என்றார் அதே மனிதர். பில்லில் "ஹாபி பொருட்கள்" என்று மட்டும் எழுதியிருந்தது, கார்டு மெஷின் வேலை செய்யவில்லை என்று ரொக்கமாக வாங்கியது எல்லாம் அப்போதுதான் புரிந்தது. ஏற்பாட்டாளர்கள் மேசையில் புகாரை எழுதி வாங்கிக்கொண்டார்கள், பணத்துக்கு அவர்கள் பொறுப்பில்லையாம்.

தயாரிப்பாளர் பெயரும் "ஒரிஜினல்" என்ற வார்த்தையும் பில்லில் எழுதித் தர மறுத்தால் அந்த ஸ்டாலில் நிற்காதீர்கள். பையைப் பிரிக்க விடாதவரிடமும் அப்படியே. ஒப்பிட அதே வரிசை உருவம் ஒன்று இருந்தால் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போங்கள், கூடவே ஒரு பூதக்கண்ணாடி.

ஸ்டால் பெயரை இங்கே போடவில்லை. அடுத்த ஷோவுக்குப் போகிறவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், இரண்டு உருவங்களையும் பக்கத்தில் வைத்து எடுத்த படங்களோடு அனுப்புகிறேன்.