பழைய ஹைலக்ஸ் இழுக்கவில்லை: கான் வைத்துப் பார்ப்பதா, பம்பைக் கழற்றிக் கொடுப்பதா?

டொயோட்டா ஹைலக்ஸின் பழைய டீசல் மாடலான எல்என்106 டபுள் கெப் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குறை புதிதல்ல. காலையில் சாவியைத் திருப்பினால் நெடுநேரம் சுற்றிய பிறகுதான் இயந்திரம் பிடிக்கும். பின்னால் நெல் மூட்டை ஏற்றினால், அல்லது மாத்தளைப் பக்கம் ஏற்றம் வந்தால், எவ்வளவு மிதித்தாலும் இழுக்காது. கராஜில் கேட்டால், இயந்திரத்துக்கு டீசலை அளந்து செலுத்தும் பம்பைக் காட்டிப் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "பம்ப் பழுதாப் போச்சு, கழட்டிக் குடுத்துச் செய்யுங்கோ."

அப்படிக் கழற்றிக் கொடுத்து, பெஞ்சில், அதாவது பம்பைத் தனியாக ஓட்டிச் சோதிக்கும் இயந்திரத்தில், ஏற்றிப் பார்ப்பது ஒரு வழி. நிறம் இல்லாத பிளாஸ்டிக் குழாயும் ஒரு கான் சுத்தமான டீசலும் எடுத்து, பம்ப் வாகனத்தில் இருக்கும்போதே சோதிப்பது இன்னொரு வழி. நான் இரண்டாவதைத்தான் செய்தேன். யார் கேட்டாலும் அதையே முதலில் செய்யச் சொல்வேன்.

ஃபில்டரை மாற்றுவது, அடியில் தேங்கிய தண்ணீரை வடிப்பது, சாவி போடும்போது பம்பின் மேல் உள்ள சொலனாய்ட் (டீசலைத் திறந்து அடைக்கும் மின் வால்வு) 'டிக்' என்கிறதா என்று கேட்பது, ஸ்டார்ட்டுக்கு முன் சூடாக்கும் குளோ பிளக் பார்ப்பது, இவையெல்லாம் எந்த வழியில் போனாலும் முதலில் முடிக்க வேண்டியவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

என் முடிவுக்குக் காரணம் ஒன்றே ஒன்று. இந்த வாகனத்தின் 2779 சிசி 3எல் இயந்திரத்துக்கு டீசலைத் தள்ளிக் கொடுக்கத் தனி ஃபீட் பம்ப் கிடையாது. கராஜில் கழற்றச் சொல்லும் அந்த ரோட்டரி பம்புக்குள்ளேயே இருக்கும், தகடுகள் சுழலும் சின்ன வேன் (vane) பம்ப்தான், பின்னால் இருக்கும் தொட்டியிலிருந்து நீளமான குழாய், ஃபில்டர் எல்லாவற்றையும் தாண்டி டீசலை உறிஞ்சி எடுக்கிறது. அதாவது, தொட்டியிலிருந்து பம்ப் வரை முழுப் பாதையும் உறிஞ்சும் பாதை. அதில் எங்காவது நுண்ணிய வெடிப்பு இருந்தால், ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும். ஓட்டை விழுந்த ஸ்ட்ரோவால் இளநீர் குடிப்பது மாதிரி. இரவில் நிறுத்தி வைத்தால் குழாயில் நின்ற டீசல் தொட்டிக்கே இறங்கிவிடும். காலையில் இயந்திரம் பிடிக்கத் தாமதமாவது அதனால்தான்.

பெஞ்சில் என்ன நடக்கிறது? மோட்டார் பம்பைச் சுற்றுகிறது, பெஞ்ச் தன் சொந்தத் தொட்டியிலிருந்து சுத்தமான எண்ணெயைக் கொடுக்கிறது. உங்கள் தொட்டி, குழாய், ஃபில்டர் தலை எதுவுமே அங்கே இல்லை. குறை அவற்றில் இருந்தால் பெஞ்சால் அதைக் காணவே முடியாது. பம்ப் நல்லது என்று சொன்னாலும் கழற்றிய கூலி, பூட்டும் கூலி, டயல் கேஜ் வைத்து டைமிங் (டீசல் பாயும் நேரம்) பிடிக்கும் கூலி எல்லாம் போனது போனதுதான். சீல் கிட் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) மாற்றித் தந்தால் அது முழு வீண் அல்ல, ஆனால் காலையில் அதே சுற்றல் தொடரும்.

கான் சோதனை இப்படி. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் அதே உள்விட்டம் உள்ள தெளிந்த குழாயைப் போட்டு, கிளிப்பை நன்றாக இறுக்கி, இயந்திரத்தை ஓடவிடுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஓரிரு குமிழ் வந்து நின்றால் பயமில்லை. தொடர்ந்து வந்தால் காற்று எடுக்கிறது. அப்புறம் பம்பின் உள்வழியையும் திரும்பும் குழாயையும் நேராகக் கானுக்குள் விடுங்கள். கான் பம்பின் உயரத்தில், எக்ஸோஸ்ட்டுக்கு எட்டத்தில், அசையாமல் இருக்க வேண்டும். குமிழ் நின்று இயந்திரம் சீராக ஓடினால் பம்பின் மீதுள்ள சந்தேகம் பெருமளவு நீங்கிவிடும். பிறகு கானை ஒரு படி பின்னால், ஃபில்டருக்கு முன்னால் இணையுங்கள். என் வாகனத்தில் அங்கேதான் குமிழ் திரும்ப வந்தது: ஃபில்டர் தலையில் இருக்கும் கை பம்ப் காற்று எடுத்துக்கொண்டிருந்தது. தலையை மாற்றியதும் காலை ஸ்டார்ட் சரியாகிவிட்டது.

ஆனால் சுமையில் இழுக்காத குறை பாதிதான் போனது. சுமையில் மட்டும் வரும் குறை, நிறுத்தி வைத்து ரேஸ் பண்ணும்போது முழுதாகத் தெரியாது. இந்த வழியின் பலவீனம் அது. தொட்டி மூடியைத் திறந்துவிட்டு, குழாய் வழியாகத் தொட்டிப் பக்கம் மெதுவாகக் காற்று ஊதினேன். கொஞ்சத் தூரம் நன்றாக ஓடி, மறுபடி மந்தமானது. அப்படியென்றால் தொட்டிக்குள் இருக்கும் வலை அடைக்கிறது. 2022இல் இலங்கையில் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்தில் பரல்களிலும் கான்களிலும் சேர்த்து வைத்த டீசலை ஊற்றி ஓடிய வாகனங்களில் துருவும் கசடும் இருப்பது ஆச்சரியமில்லை. தொட்டியை இறக்கும்போது உறிஞ்சு குழாயையும் பாருங்கள். அதன் மேல்பகுதியில் துருவால் ஊசித் துளை விழுந்திருந்தால், தொட்டி நிறைய இருக்கும்போது நன்றாக ஓடும், பாதிக்குக் கீழே போனதும் காற்று எடுக்கும்.

பெஞ்சுக்கு நேராகப் போக வேண்டிய இடங்களும் உண்டு. சூடானபின் நிறுத்தினால் ஸ்டார்ட் ஆகாமல், பம்பின் மேல் ஈரத் துணி போட்டால் மட்டும் பிடிக்கிறதா? உள்ளே டீசலை அழுத்தித் தள்ளும் பிளஞ்சர் தேய்ந்திருக்கிறது. பம்பின் ஆக்ஸிலேட்டர் தண்டுப் பக்கம் டீசல் கசிந்தாலும் கான் வேண்டாம். மண்ணெண்ணெய் கலந்து ஓடிய வாகனத்திலும் நான் பம்பைத்தான் சந்தேகிப்பேன். இந்த பம்புக்கு டீசல்தான் உராய்வு எண்ணெய்.

மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசல் செலுத்தும் புதிய வகையான டி-4டி காமன் ரெயில் ஹைலக்ஸில் நான் கை வைத்ததில்லை. அதில் இயந்திரம் ஓடும்போது உயர் அழுத்தக் குழாய்களை எந்தக் காரணத்துக்காகவும் தளர்த்தாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். பழைய பம்பிலும் நாசிலுக்கு (டீசலைப் பீய்ச்சும் முனை) வரும் குழாயின் நட்டைத் தளர்த்திப் பார்ப்பவர்கள் கையை விலக்கியே வைத்திருக்க வேண்டும்.

பம்பைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றானால், பிரிப்பதற்கு முன்னரே பெஞ்சில் ஓட்டி அளவெடுக்கச் சொல்லுங்கள், மாற்றிய பழைய பாகங்களைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். அது வேலைத்தளத்தில் இருக்கும் நாட்களிலேயே தொட்டியை இறக்கிக் கழுவி, ரப்பர் குழாய்களைப் புதிதாகப் போட்டுவிடுங்கள்.