ரொறன்ரோவின் லாபியிஸ்ட் பதிவேடு: பயன்படுத்திப் பாருங்கள்

ஸ்காபரோவில் எங்கள் பக்கம் புதிய அடுக்குமாடிக்கு அறிவிப்புப் பலகை நட்டால், நான் முதலில் திறப்பது நகரசபையின் லாபியிஸ்ட் பதிவேட்டைத்தான். லாபியிஸ்ட் என்றால் ஒரு நிறுவனத்துக்குச் சாதகமாக முடிவெடுக்கச் சொல்லி கவுன்சிலர்களிடமும் அதிகாரிகளிடமும் பேசுபவர். இலவசம். கட்டட நிறுவனத்தின் பெயரைத் தட்டினால், அதற்காகப் பேசுபவர் யார், எந்தக் கவுன்சிலரையோ அதிகாரியையோ எந்தத் திகதியில் தொடர்புகொண்டார், நேரிலா மின்னஞ்சலிலா என்பதெல்லாம் வந்துவிடும்.

இது சும்மா கிடைத்த வசதி இல்லை. எம்எஃப்பி நிறுவனத்திடம் கணினிகளைக் குத்தகைக்கு எடுத்ததில் 4.3 கோடி டாலர் என்று சபை நம்பிய செலவு ஏறக்குறைய இரு மடங்கானது. அதை விசாரித்த நீதிபதி டெனிஸ் பெல்லமியின் 2005 அறிக்கைதான் இப்படியொரு பதிவேட்டை வலியுறுத்தியது.

குறையும் உண்டு. சந்திப்பு நடந்தது தெரியும், உள்ளே என்ன பேசினார்கள் என்பது தெரியாது. தலைப்பு மட்டும்தான். அதனால் நான் சபையின் வாக்குப் பதிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்று பெயர் பெயராக இருக்கும்.

எனக்கு ஆறாத விஷயம் வேறு. கவுன்சிலர் நடத்தை விதியை மீறினால், அப்படியான புகார்களை விசாரிக்கும் நேர்மை ஆணையர் பரிந்துரைக்கக்கூடிய பெரிய தண்டனையே 90 நாள் சம்பள நிறுத்தம். அதற்கும் சக கவுன்சிலர்கள்தான் கை தூக்க வேண்டும். இது போதவே போதாது.

பதிவேட்டுக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். 2018இல் நகரசபைத் தேர்தல் வட்டாரங்கள் 25 ஆகக் குறைந்த பிறகு ஒரு கவுன்சிலர் ஒரு லட்சம் பேருக்கு மேல் பிரதிநிதி. அதனால் அடுத்த தேர்தலில் வாக்களிக்கும் முன் உங்கள் கவுன்சிலரின் பெயரையும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.