நான்கு குளிர்காலமாக ஹாலிலேயே சைக்கிள்

டொரன்டோவில் நவம்பர் பாதியில் என் சைக்கிள் வீட்டுக்குள் வந்துவிடும். மறுபடி ரோட்டில் இறங்க ஏப்ரல் ஆகும். குளிரைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், பனிக்காகச் சாலையில் கொட்டும் உப்பு செயினைத் தின்றுவிடுகிறது. டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டியும் விடுகிறது. அதனால் நான்கு குளிர்காலமாக ஸ்கார்பரோ அபார்ட்மென்ட் ஹாலில்தான் மிதிக்கிறேன்.

முதலில் வாங்கியது, பின்சக்கரம் ஓர் உருளையில் உரசி ஓடும் டிரெய்னர், அதாவது சைக்கிளை நகராமல் பிடித்து, நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் கருவி. பழையது, மலிவு. ஒவ்வொரு முறையும் டயரில் அதே காற்று, திருகில் அதே இறுக்கம் இருக்க வேண்டும். இல்லையென்றால் நேற்றைய உழைப்பையும் இன்றைய உழைப்பையும் ஒப்பிடவே முடியாது. டயர் தேய்ந்து தரையெல்லாம் கறுப்புத் தூள். சத்தமோ கேட்க வேண்டாம். கீழ் வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா ஒருநாள் லிஃப்டில் கேட்டார்: "தம்பி, இரவில மா அரைக்கிறனீங்களோ?" அன்றோடு அதை நிறுத்தினேன்.

உருளைகள் மேல் சைக்கிளைப் பிடிப்பில்லாமல் வைத்து ஓட்டும் ரோலரை நண்பர் வீட்டில் ஓட்டிப் பார்த்தேன். கவனம் முழுக்க விழாமல் இருப்பதிலேயே போய்விட்டது. வீட்டில் பல பேர் மாறி மாறி மிதிப்பதாக இருந்தால், ஜிம்மில் இருக்கும் நிலையான ஸ்பின் பைக் நல்லது. எனக்கு என் சைக்கிளின் சீட், என் ஹேண்டில்பார்தான் வேண்டியிருந்தது.

அப்புறம் வாங்கியது டைரக்ட் டிரைவ் டிரெய்னர், வாஹூ கிக்கர் கோர். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, டிரெய்னரில் இருக்கும் கேசட்டிலேயே (பின்பக்கக் கியர் பல்சக்கரங்களின் அடுக்கு) செயினை மாட்ட வேண்டும். உள்ளே சுழலும் 5.4 கிலோ கனமான ஃப்ளைவீல் இருப்பதால், மிதிப்பதை நிறுத்தினாலும் ரோட்டில் போவதுபோல் கொஞ்சம் உருண்டு நிற்கிறது. மூன்று குளிர்காலமாகக் குறையில்லை. வாங்கும் முன் உங்கள் சைக்கிளில் பின்சக்கரத்தைப் பிடித்திருப்பது குயிக் ரிலீஸா, த்ரூ ஆக்ஸிலா, கேசட்டில் எத்தனை பல்சக்கரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் கேசட்டைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

அதில் எர்க் மோட் என்று ஒன்று உண்டு. 150 வாட் என்று வைத்தால், எந்த வேகத்தில் மிதித்தாலும் 150 வாட்தான். களைத்துப்போய் மெதுவாக மிதித்தால் பெடல் இன்னும் இறுகும், சேற்றில் மாட்டியதுபோல் ஆகிவிடும். முழங்கால் வலி உள்ளவர்கள் முதல் மாதம் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

டிரெய்னரைவிட எனக்கு அதிகம் உதவியது ஃபேன்தான். நாம் செலவழிக்கும் சக்தியில் கால்வாசிக்கும் குறைவாகத்தான் பெடலுக்குப் போகிறது, மிச்சமெல்லாம் சூடு. வெளியே அதைக் காற்று கொண்டுபோய்விடும், ஹாலில் அது நம்மிடமே நிற்கும். முதல் மாதம் 25 நிமிடத்தில் இறங்கிவிடுவேன், தெம்பில்லை என்று நினைத்து வருந்தினேன். பெரிய ஃபேன் ஒன்றை நேராக நெஞ்சுக்கு வைத்ததும் ஒரு மணி நேரம் போனது.

வியர்வையைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். இரண்டாவது வசந்தத்தில் ஹேண்டில்பார் டேப்பைப் பிரித்தபோது உள்ளே வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. துடைத்துப் பார்த்தால் அலுமினியத்தில் சின்னச் சின்னக் குழிகள். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் போல்ட் ஒன்று துருப்பிடித்து, கழற்றும் சாவி நிற்காமல் வழுக்கியது. ஹேண்டில்பாரையே மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது ஹேண்டில்பார் மேல் எப்போதும் ஒரு துண்டு, இறங்கியதும் துடைப்பு, வருடா வருடம் புது டேப்.

சத்தம் போனாலும் அதிர்வு தரை வழியாக இறங்கும். தடித்த ரப்பர் பாய், அதற்கடியில் குழந்தைகள் விளையாடும் நுரைப்பாய் போட்டிருக்கிறேன். கீழ் வீட்டிலிருந்து பிறகு கேள்வி வரவில்லை.

டிரெய்னரோடு இணைத்து, திரையில் ஓட்டும் ஸ்விஃப்ட் (Zwift) என்ற ஆப்பில் வடோபியா என்ற கற்பனைத் தீவைச் சுற்றுவது பிடித்திருக்கிறது. மாதச் சந்தா என்பதால் கோடையில் நிறுத்திவிடுவேன்.

புதிதாக வாங்க நினைப்பவர்கள் அவசரமில்லையென்றால் ஏப்ரல், மே வரை பொறுங்கள். குளிர் முடிந்ததும் பலர் விற்கப் போடுவார்கள். போய்ப் பார்க்கும்போது செயினை மாட்டி, பத்து நிமிடமாவது மிதித்து, பேரிங்கில் கரகரப்பு இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.