என்-கேட்ஹெரினும் என்கேமும்: இரண்டு வகைப் பிடிப்பு

இரண்டுமே நரம்புச் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் புரதங்கள். என்-கேட்ஹெரினுக்குக் கால்சியம் வேண்டும்; அதை எடுத்துவிட்டால் பிடி தளர்ந்துவிடும். கருவில், பின்னர் மூளையும் தண்டுவடமுமாக மாறும் நரம்புக்குழாய் உருவாகும்போது, மேல்தோலாகும் செல்கள் அதே குடும்பத்துப் புரதமான ஈ-கேட்ஹெரினையே வைத்துக்கொள்ள, நரம்பாகும் செல்கள் என்-கேட்ஹெரினுக்கு மாறிப் பிரிகின்றன.

என்கேமுக்குக் கால்சியம் தேவையில்லை. இந்தப் புரதத்தைக் கண்டறிந்தது, கிருமிகளை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதமான எதிர்ப்பொருளின் (ஆன்டிபாடி) அமைப்பைக் கண்டறிந்ததற்காக 1972இல் நோபல் பெற்ற ஜெரால்டு எடெல்மேனின் குழு. இதன் வெளிப்பகுதியிலும் எதிர்ப்பொருளில் உள்ளவை போன்ற மடிப்புகளே இருக்கின்றன! என்னை அதிகம் ஈர்ப்பது என்கேம்தான். பாலிசியாலிக் அமிலம் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலி ஏறிக்கொண்டால், ஒட்டவைக்க வேண்டிய இந்தப் புரதமே செல்களை விலக்கி, நகர வழிவிடுகிறது. வளர்ந்த மூளையில் அந்தச் சங்கிலி பெரிதும் குறைந்துவிடும். ஆனால் புது நியூரான்கள் (நரம்புச் செல்கள்) பிறக்கும், நினைவோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் போன்ற இடங்களில் நீடிக்கிறது.