230 வோல்ட் ஸ்டிக்கரை நம்பி ஜப்பான் ரிவெர்ப் யூனிட் வாங்காதீர்கள்

ஜப்பானிலிருந்து இறக்குமதியான பழைய ரேக் ரிவெர்ப் யூனிட் (பெரிய மண்டபத்தில் பாடுவது போன்ற முழக்கத்தைக் குரலுக்குச் சேர்க்கும், ரேக் பெட்டியில் திருகி வைக்கும் கருவி) வாங்க நினைப்பவர்கள், பணத்தைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் மெல்லிசைக் குழுவுக்காக 14,000 ரூபாய்க்கு வாங்கிய யமஹா எஸ்பிஎக்ஸ் 90, கல்யாண மண்டபத்தில் பிளக்கைச் செருகிய சற்று நேரத்தில் புகைந்து அடங்கிவிட்டது. தயாரித்த நிறுவனத்தின் மீது குறையில்லை. விற்ற கடைக்காரர் தெரிந்தே ஏமாற்றினார்.

சிறிய குழுக்கள் பழைய யூனிட்டைத் தேடுவதற்குக் காரணம் உண்டு. ரிவெர்ப் இல்லாமல் வறண்டு ஒலிக்கும் குரல், எவ்வளவு நன்றாகப் பாடினாலும் சபையில் எடுபடாது. புதிதாக ஒன்று வாங்கக் கையில் பணம் இருக்காது. எஸ்பிஎக்ஸ் 90 வெளிவந்தது 1985இல். 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதன் எஃபெக்ட் ஒலி எட்டாது. காகிதத்தில் அது குறைதான், ஆனால் அந்தச் சற்றே மங்கிய ரிவெர்ப் குரலை மறைக்காமல் பின்னால் நிற்கும். அதன் மீது எனக்கு இன்றும் மதிப்பு உண்டு.

கடை சென்னையில் இருக்கிறது. “230க்கு மாற்றிவிட்டோம் சார், நேராக வீட்டு பிளக்கிலேயே போடலாம்” என்றார் கடைக்காரர். யூனிட்டை ரேக் பெட்டியில் மற்றவற்றோடு திருகி, பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தார்கள். மைக்கில் பாடிப் பார்த்தோம். ஹால், பிளேட், டிலே என்ற எஃபெக்டுகள் எல்லாம் சுத்தமாக இருந்தன. கழற்றிக் கொடுத்தபோது பின் தகட்டில் 230 வோல்ட் என்று அச்சிட்ட ஸ்டிக்கர் பளிச்சென்று தெரிந்தது.

புகைந்த பிறகு மெக்கானிக் அந்த ஸ்டிக்கரை உரித்தார். அடியில் நிறுவனமே அச்சிட்ட எழுத்து: 100 வோல்ட், அதாவது ஜப்பானின் வீட்டு மின்சாரத்துக்கானது. மேல் மூடியைத் திறந்தால் டிரான்ஸ்பார்மர் பழையதேதான், எதுவும் மாற்றப்படவில்லை. அதைவிட மோசம், ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செப்புக் கம்பி. முன்பே யாரோ 230இல் செருகி ஃபியூஸ் போயிருக்க வேண்டும், அதன் பிறகு கம்பியைச் சுற்றி ஓட்டியிருக்கிறார்கள் என்றார் மெக்கானிக். சரியான ஃபியூஸ் இருந்திருந்தால் பெரும்பாலும் அதோடு போயிருக்கும். கம்பி இருந்ததால் டிரான்ஸ்பார்மரின் சுருள் எரிந்தது, உள்ளே இரண்டு மடங்குக்கு மேல் பாய்ந்த மின்னழுத்தத்தில் கெபாசிட்டர்கள் உப்பிவிட்டன. பாட வந்த பிள்ளைகள் பக்கத்திலேயே நின்றிருந்தார்கள். தீப்பிடித்திருந்தால் யார் பொறுப்பு?

கடைக்குத் தொலைபேசியில் பேசியபோது வந்த பதில்: “இங்கே ஸ்டெப்-டவுன் (மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர்) வைத்துத்தான் ஓட்டினோம், நீங்கள் கேட்கவில்லையே.” மாற்றிவிட்டோம் என்று வாயால் சொல்லி, ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டு, கேட்கவில்லையே என்கிறார்! பில்லில் ‘பழைய மின்னணுப் பொருள்’ என்று மட்டும் எழுதி, கீழே ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற முத்திரையும் குத்தியிருந்தார்கள். அந்த முத்திரையைப் பார்த்துப் பின்வாங்க வேண்டியதில்லை. பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

வாங்கப் போகிறவர்கள் யூனிட்டை ரேக்கிலிருந்து முழுதாக வெளியே எடுக்கச் சொல்லுங்கள். பின் தகட்டில் எந்த ஸ்டிக்கர் இருந்தாலும் உரித்துப் பாருங்கள். உங்கள் கண் முன்னே, கடையின் சுவர் சாக்கெட்டிலேயே நேராகச் செருகி ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். பில்லில் மாடல், வரிசை எண், 230 வோல்ட் மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். அடாப்டரில் ஓடும் யூனிட்டுகளில் வேறொரு வம்பு: அலெசிஸ் குவாட்ராவெர்ப், லெக்சிகான் எம்பிஎக்ஸ் 100 போன்றவற்றுக்கு 9 வோல்ட் ஏசி அடாப்டர் தேவை. கடைகளில் சாதாரணமாக எடுத்து நீட்டுவது டிசி. அடாப்டரின் மீது அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

குரலுக்கு மட்டும் ரிவெர்ப் போதும் என்றால் இந்தத் தொல்லையே வேண்டாம் என்பது என் கருத்து. யமஹாவின் எம்ஜி 10 எக்ஸ்யூ போன்ற சிறிய மிக்சரிலேயே எஸ்பிஎக்ஸ் எஃபெக்டுகள் 24 இருக்கின்றன.

அந்தக் கடை ரேக்கில் அதே மாதிரி ஸ்டிக்கரோடு இன்னும் சில ஜப்பான் யூனிட்டுகளைப் பார்த்தேன். சென்னையில் அண்மையில் அப்படி ஒன்றை வாங்கியிருந்தால் மின்சாரம் கொடுக்காதீர்கள். முதலில் ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள், மெக்கானிக்கிடம் காட்டி ஃபியூஸைச் சரிபாருங்கள்.