விரலில் 97, நெஞ்சில் இளைப்பு: எந்தச் சோதனை எதற்கு?

"விரலில 97 காட்டுது, பிறகு ஏன் ஸ்கானுக்கு அலைக்கழிக்கினம்?" கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வார்ட் வாசலில் நின்றால் இந்தக் கேள்வி எப்படியும் காதில் விழும். கால் வீங்கி, திடீரென்று இளைப்பு வந்து, சுவாசப்பையில் இரத்தக்கட்டி போய் அடைத்திருக்குமோ என்று டொக்டர் சந்தேகிக்கிற ஆளின் வீட்டுக்காரர் கேட்பது அது. நியாயமான கேள்விதான்.

முதலில் அந்த 97ஐப் பார்ப்போம். விரலில் கொழுவுகிற கருவி சிவப்பு ஒளியையும் செந்நிறக் கீழ்க்கதிரையும் நகத்தினூடாகச் செலுத்தி, துடிக்கிற இரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து, இரத்தத்தில் ஒட்சிசன் நூற்றுக்கு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று கணிக்கிறது. 1970களின் தொடக்கத்தில் ஜப்பானியப் பொறியியலாளர் தகுவோ அவோயாகி கண்ட வழி. நோகாது, உடனே தெரியும், கொவிட்டுக்குப் பிறகு பார்மசியிலேயே வாங்கலாம். ஆனால் விரல் சுத்தமாக இருக்கவேண்டும். உழவு முடித்து வந்தவரின் நகக்கண்ணில் சேறு, கலியாண வீட்டுக்குப் போய் வந்த பிள்ளையின் விரலில் மருதோண்டியும் கியூட்டெக்ஸும், குளிரில் விறைத்த கை, எல்லாமே எண்ணைக் குழப்பும். கறுத்த தோலில் கருவி உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். அமெரிக்காவில் கறுப்பின நோயாளிகளிடம் இதை 2020இல் எடுத்துக்காட்டினார்கள். வெயிலில் கறுத்த எங்கள் வயல்காரரைப் பார்க்கும்போதும் நினைவில் வைக்கவேண்டிய விசயம். புகைக்குள் அகப்பட்டு வந்தவரில் இந்தக் கருவியை நம்பவே கூடாது. காபனோரொட்சைட்டு ஏறிய இரத்தத்தையும் அது நல்ல இரத்தம் என்றே எண்ணும்.

இதற்குப் போட்டியாக நிற்பது நாடி இரத்தச் சோதனை. மணிக்கட்டில் துடிக்கிற இடத்தில் நேரே குத்தி எடுப்பது. நாளத்தில் எடுப்பதைவிட நன்றாக நோகும். எடுத்த இரத்தத்தை வைத்துக்கொண்டு மினக்கெடவும் முடியாது, உடனே மெசினுக்குப் போகவேண்டும். ஆனால் விரல்கருவி ஒளிக்கிற ஒன்றை அது காட்டும். இரத்தத்தில் ஒட்சிசன் அமுக்கம் 95இலிருந்து 70 மில்லிமீற்றருக்கு விழுந்தாலும் விரலில் 97 என்றிருந்தது 94 ஆகத்தான் மாறும். 60க்குக் கீழே போன பிறகுதான், அதாவது விரல் எண் 90ஐத் தாண்டி இறங்கும்போதுதான், சரிவு செங்குத்தாகும். ஆகவே ஆளைக் கண்காணிக்க விரல்கருவி போதும். நிலைமை எவ்வளவு மோசம் என்று முடிவெடுக்க நாடி இரத்தம்தான் என் தெரிவு.

ஆனால் இரண்டுமே நல்லாக இருந்தாலும் கட்டி இல்லை என்று சொல்ல முடியாது. 1980களில் அமெரிக்காவில் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து செய்த ஆய்வின் தரவுகளே இதைக் காட்டின. இரணைமடு வாய்க்கால் ஒன்றில் மண் விழுந்து அடைபட்டால் தண்ணீர் மற்ற வாய்க்கால்களால் ஓடும். கடைசியில் நின்று அளக்கிறவருக்குப் பெரிய குறைவு தெரியாது. எந்த வயல் காய்கிறது என்று அறிய மேலேயிருந்து பார்க்கவேண்டும். அந்த வேலைக்குத்தான் ஸ்கான்.

அதிலும் இரண்டு வழி. நாளத்தில் அயடீன் மருந்து ஏற்றி எடுக்கிற சீ.டி., மற்றது, சுவாசப்பையில் இரத்தம் எங்கே ஓடுகிறது, மூச்சு எங்கே போகிறது என்று இரண்டையும் படமெடுத்து ஒப்பிடுகிற கதிரியக்க ஸ்கான். அவசரம் என்றால் சீ.டி.தான், சில நிமிடத்தில் முடியும், கட்டியையே நேரில் காட்டும், நியூமோனியா போல வேறு காரணம் இருந்தாலும் தெரியும். கதிரியக்க ஸ்கானுக்கு வேண்டிய கதிரியக்கப் பொருளான தெக்னீசியத்தின் அரைவாழ்வுக் காலம், அதாவது பாதியாகக் குறைகிற நேரம், 6 மணித்தியாலம்தான். தயாரித்து ஏ9 வழியே அனுப்பிவைக்கிற சாமான் அல்ல, வசதி உள்ள இடத்துக்கு ஆள்தான் போகவேண்டும். பிராணவாயு தேவைப்படுகிற ஆளோடு அந்தப் பயணம் இலேசில்லை.

அப்படியிருந்தும் கதிரியக்க ஸ்கானை இரண்டாந்தரம் என்று தள்ள எனக்கு மனமில்லை. வவுனியா மாவட்டத்திலும் அதற்குத் தெற்கேயும் காரணம் தெரியாத கிட்னி வருத்தம் எத்தனை குடும்பத்தில் இருக்கிறது! கிட்னி பழுதைக் காட்டுகிற கிரியற்றினின் இரத்தத்தில் ஏறியவருக்கு அயடீன் மருந்து ஏற்ற டொக்டர்மார் இரண்டுதரம் யோசிப்பினம். அவருக்கு இது நல்ல வழி. இளம் பெண்களுக்கும் மார்பில் படுகிற கதிர்வீச்சு சீ.டி.யைவிட இதில் குறைவு. பால் கொடுக்கிற தாய் என்றால் மட்டும் சொல்லிவிடவேண்டும், சில மணித்தியாலத்துக்குப் பாலைப் பீய்ச்சி ஊற்றச் சொல்லுவார்கள். நெஞ்சு எக்ஸ்ரே துப்புரவாக இருப்பவரில்தான் இந்த ஸ்கான் தெளிவாகப் பேசும். பழைய காசநோய் வடுவோ நாட்பட்ட முட்டோ உள்ளவருக்குப் படம் குழம்பும்.

"ஊசி போட்டால் ஒட்சிசன் விழுந்திடாதா?" என்ற பயம் இருக்கிறது. இரத்த ஓட்டத்தைப் பார்க்க இந்தக் கதிரியக்க ஸ்கானில் ஏற்றுவது தெக்னீசியம் ஒட்டிய அல்புமின் புரதத்தின் நுண்துணிக்கைகள், சில இலட்சம். அவை சுவாசப்பையின் நுண்ணிய குழாய்களில் போய்ச் சிக்குவது உண்மை, ஆனால் ஆயிரத்தில் ஒன்றைக்கூட அடைக்காது. சில மணித்தியாலத்தில் உடைந்து போய்விடும். ஊசி போடுகிறவர் துணிக்கைகள் அடியில் தங்காமலிருக்க சிரிஞ்சை மெல்லப் பிரட்டிப் பிரட்டி எடுப்பார். இரத்தத்தை உள்ளே இழுக்காமலும் பார்ப்பார், இழுத்தால் கட்டிபட்டுப் பொய்ப் புள்ளிகள் தெரியும். மேசையில் எண் இறங்கினால் பெரும்பாலும் காரணம் ஊசியல்ல, இளைக்கிற ஆள் மல்லாக்கப் படுப்பதுதான். மாஸ்க்கைக் கழற்றாமலே படம் எடுக்கலாம்.

மூச்சுப் பக்கத்தைப் படமெடுக்கும் முறைகளிலும் வித்தியாசம் உண்டு. நெபுலைசரால் கதிரியக்க மருந்தை ஆவியாகப் பிடிப்பதில் ஒட்சிசனே ஆவியைத் தள்ளிவருவதால் எண் இறங்குவது அரிது. ஆனால் முட்டுக்காரருக்கு மருந்து பெரிய குழாய்களிலேயே படிந்துவிடும். அவுஸ்திரேலியாவில் உருவான தெக்னிகாஸ், அதாவது தெக்னீசியம் ஏறிய மிக நுண்ணிய கரித்துகள், ஆழத்துக்குப் போகும், படம் அழகாக வரும். ஆனால் அதைச் சுமப்பது ஆகன் வாயு, அந்த மூச்சில் ஒட்சிசன் கிட்டத்தட்ட இல்லை. கொஞ்ச நேரம் எண் இறங்கி ஏறும். அதனால்தான் முன்கூட்டியே ஒட்சிசன் பிடிக்கவிடுவார்கள்.

எங்கள் பக்கத்து ஆட்கள் மறக்காமல் சொல்லவேண்டிய ஒன்று: நெஞ்சுக்குள் எறிகணைச் செல் துண்டு இருக்கிறதா, போரில் 2009இலோ அதற்கு முந்தியோ காயப்பட்டு ஒரு பக்கச் சுவாசப்பையை வெட்டி எடுத்ததா என்பது. உலோகம் சீ.டி. படத்தில் கீற்றுக் கீற்றாக ஒளிபாய்ச்சி மறைக்கும். பழைய காயத்தின் வடு கதிரியக்க ஸ்கானில் புதுக் கட்டி போலவே தோன்றலாம். பழைய எக்ஸ்ரே இருந்தால் பையோடு கொண்டுபோங்கள். ஒற்றைச் சுவாசப்பையோடு வாழ்பவருக்கும், சுவாசப்பை நாடியில் அமுக்கம் கடுமையாகக் கூடியவருக்கும் துணிக்கைகளின் எண்ணிக்கையைக் குறைத்தே ஏற்றவேண்டும். மருந்து சிரிஞ்சில் ஏறுமுன்னரே இதைச் சொல்லிவிடுங்கள்.